தளபதியும் நானும் பிந்திய கதை

அல்வா வாங்கத் தூத்துக்குடிக்குப் போனவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில். அமெரிக்காக்காரர் ஒருவரைத் தேடி லண்டனுக்குப் போனவன் நான்.

அந்த அமெரிக்கரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இனி அந்தப் பெயரை வாயாலும் சொல்வதில்லை, பேனாவாலும் எழுதுவதில்லை என்று என் மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். பதினைந்து வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள் அவள். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் நடத்தி, வீட்டுக்கு வந்து அவர் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதுவதுதான் என் பிழைப்பு. "உங்க தளபதிக்கு இன்னைக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டபடிதான் அவள் காப்பி கொண்டுவந்து வைப்பாள். ஆகவே இங்கேயும் அவர் தளபதிதான்.

ஆள் லேசுப்பட்டவரில்லை. போன நூற்றாண்டுக்காரர். வக்கீல் மகன், தானும் வக்கீல். மீசை முளைத்த கையோடு மெக்சிகோவில் சண்டைக்குப் போனார். உள்நாட்டுப் போரில் ஒரு படைக்கே தலைவரானார். அப்புறம் மேற்கே புழுதி பறக்கும் ஒரு பிரதேசத்துக்குக் கவர்னர், துருக்கிச் சுல்தானிடம் தூதர். இதற்கிடையில் ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏசுநாதர் காலத்து வேதக் கதை ஒன்றை எழுதினார். அந்த நாவல் அவருடைய நாட்டில் பைபிளுக்குப் பக்கத்தில் வைக்கிற புத்தகமாகிவிட்டது. ஒரே ஆயுசில் இத்தனையும்! எனக்கு ஒரு பி.எஃப். லோன் வாங்கவே ஆயுசு சரியாக இருந்தது.

ஆனாலும் அவருக்கு ஒரு முள். ஒரு பெரிய சண்டையின் முதல் நாள், அவர் படை வந்துசேர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. மத்தியானம் போலக் கட்டளை வந்தது. படைக்குச் சாப்பாடு போட்டுவிட்டுக் கிளம்பினார். போக இரண்டு பாதை இருந்தது. ஒன்றைப் பிடித்துப் பாதி தூரம் போனபிறகு, அது சரியில்லை என்று ஆள் வந்து சொன்னான். படையைத் திருப்பி மற்ற பாதைக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது பொழுது சாய்ந்து, சண்டையும் ஓய்ந்துவிட்டது. கட்டளைத் தாளோ தொலைந்துபோயிற்று. அதில் எந்தப் பாதை என்று எழுதியிருந்தது என்பதைச் சொல்லி வழக்காடியே மிச்சமிருந்த நாற்பது வருஷத்தையும் கழித்தார். நாவலால் வந்த புகழ்கூட அந்த முள்ளைப் பிடுங்கவில்லை.

அவர் மேல் தப்பில்லை என்று நிரூபிக்க நான் எழுதிய அத்தியாயம் எண்பத்து நாலு பக்கம். இன்னும் சில ஆதாரங்கள் வேண்டியிருந்தன. அமெரிக்கா போக வழியில்லை. லண்டனில் உள்ள பெரிய நூலகத்தில் எல்லாம் கிடைக்கும் என்றார்கள். எண்பதுகளின் கடைசியில் ஒரு நவம்பர் மாதம், சேர்த்துவைத்த விடுப்பையெல்லாம் வழித்தெடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தங்க இடம் கிடைத்தது மண்டபம் அகதி முகாமால்.

அந்த முகாமில் ஜெசிந்தா என்று மன்னார்ப் பெண் ஒருத்தி இருந்தாள். எங்கள் கல்லூரி மாணவர்களோடு முகாமுக்குத் துணிமணி கொண்டுபோனபோது பழக்கம். அவள் கணவன் அருளப்பன் லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தான். அகதியாக ஏற்கும்படி அவன் கொடுத்த விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேல்முறையீடு விசாரணைக்கு வந்திருந்தது. அவனை ஏற்றுக்கொண்டால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ள முடியும். மகள் டெய்சிக்கு எட்டு வயது. அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வயதில்.

நான் லண்டன் போகிறேன் என்றதும் ஜெசிந்தா ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மன்னார்ப் பங்குத்தந்தை தமிழில் கைப்பட எழுதிய கடிதம். அருளப்பனை யார் தேடி வந்தார்கள், வீடு எப்படி எரிந்தது, அவன் தம்பி எப்படிக் காணாமல் போனான் என்று எல்லாம் அதில் இருந்தது. கடல் தாண்டி, ஆள் மாறி ஆள் மாறி அவளிடம் வந்து சேர்ந்த கடிதம்.

"தபாலில போட எனக்குப் பயமாக் கிடக்கு சேர். நீங்கள் கையோட குடுத்தியள் எண்டால் சரி," என்றாள்.

அவள் தேநீர் போடுகிற நேரத்தில் டெய்சிக்குத் தளபதி கதையைச் சொன்னேன். "அவர் ஏன் பிந்தினவர்?" என்று கேட்டது பிள்ளை. நல்ல கேள்வி! இரண்டு பாதைகளையும் மணலில் கோடு போட்டு விளக்கினேன். விளக்கி நிமிர்ந்தபோது பிள்ளை சுவரில் சாய்ந்து தூங்கியிருந்தது.

*

புதன்கிழமை காலை லண்டனில் இறங்கினேன். என் மனைவி கட்டிக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் விமானத்திலேயே உடைந்து, தளபதியின் நான்காம் அத்தியாயம் முழுக்க எண்ணெய். பழுப்பு உறையை மட்டும் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்ததால் அது பிழைத்தது. அருளப்பன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். முப்பத்தைந்து வயது, பேச்சு குறைச்சல். உறையைக் கொடுத்தேன். பிரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெலிஞ்சு போனாவோ?" என்று கேட்டான். ஆமா என்று சொல்லவும் மனசில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "பிள்ளை நல்லாப் படிக்குது" என்றேன்.

வீட்டில் இன்னொரு அறையில் பொன்னுத்துரை அண்ணை என்பவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கியவர், டூட்டிங் மெயின் ரோட்டில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. சமையல் அவர் பொறுப்பு. அன்று மத்தியானம் இடியப்பமும் சொதியும், தகர டப்பா மீனில் ஒரு குழம்பும். காரம் உச்சந்தலையில் ஏறிற்று. திருநெல்வேலிக்காரன் காரத்துக்கு அழலாமா? தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோய்க் குழாயடியில் அழுதேன்.

"குளிருக்கு உறைப்பு வேணும். இஞ்சை சூரியனையே கடன் வாங்க வேண்டிக் கிடக்கு," என்றார் அவர்.

வியாழக்கிழமை அருளப்பன் என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனான். நார்தர்ன் லைன் என்கிற பாதாள ரயில். வழியில் பாடம் எடுத்தான். "சேர், வடிவாக் கேளுங்கோ. கெனிங்டனில ரயில் ரெண்டாப் பிரியும். ஒண்டு பாங்க் வழியாப் போகும், மற்றது சாரிங் கிராஸ் வழியா. நீங்கள் ஏற வேண்டியது சாரிங் கிராஸ். பலகையைப் பாத்து ஏறுங்கோ. மாறி ஏறினால் கெனிங்டனில இறங்குங்கோ."

"தம்பி, ரெண்டு பாதை விஷயத்துல நான் எண்பத்து நாலு பக்கம் எழுதியிருக்கேன்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நூலகத்தில் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புத்தகம் வர இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கும்போது பக்கத்து மேஜைக் கிழவர் ஒருவர் மெதுவாக என்ன ஆராய்ச்சி என்று விசாரித்தார். சொன்னேன். "அமெரிக்கர். அதற்கு ஏன் இங்கே வந்தீர்கள்?" என்றார். ஊரில் ஒருத்தரும் கேட்காத கேள்வி! புத்தகம் வந்தது. திறந்தால், பாளையங்கோட்டையில் என் மேஜையில் கிடக்கிற அதே புத்தகம், அட்டைதான் கொஞ்சம் நல்ல அட்டை.

வெள்ளிக்கிழமை தனியாகப் போய்த் தனியாகவே திரும்பினேன். ஏறிய ரயில் தற்செயலாகச் சரியான ரயிலாக அமைந்துவிட்டது. அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கிற்று. வழியில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கினேன். காகிதத்தில் சுற்றி, மேலே வினிகரை ஊற்றிக் கொடுத்தார்கள். குளிருக்கு அமிர்தமாக இருந்தது. ஒரு மிளகாய் மட்டும் கேட்டேன். கடைக்காரப் பெண், "அன்பரே, இது மீன் கடை" என்றாள்.

சனிக்கிழமை அருளப்பனின் வக்கீலைப் பார்க்கப் போனோம். சின்ன வயது வெள்ளைக்காரப் பெண், பேச்சில் பரபரப்பு. கடிதத்தை மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாகத் திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணையில் வைத்தாக வேண்டும் என்றாள். நான் விடுவேனா? இருபத்தெட்டு வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு ஆள் எதற்கு? நானே செய்கிறேன் என்றேன். அருளப்பன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் மாணவன் ஒருத்தன்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. ஆனால் மனசு கேட்டால்தானே? "வீடு எரிக்கப்பட்டது" என்பதற்கு மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்து, மறுபடி முதலில் எழுதியதையே எழுதினேன்.

*

ஞாயிறு பூசைக்கு அருளப்பனோடு போனேன். முடிந்ததும் பின்னால் உள்ள கூடத்தில் தேநீர். மன்னார், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கச் சனம். தட்டு நிறைய உள்ளே இறைச்சி வைத்துச் சுருட்டிய ரோல்ஸும், சோமாசி மாதிரிப் பற்றிஸும். வேதகால நாவல் எழுதிய தளபதியைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று அருளப்பன் யாரிடமோ சொல்லப்போக, "சேர், எங்களுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று கேட்டுவிட்டார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிகள்!

ஒரு மணி நேரம் பேசினேன். நாவலைப் பற்றி ஐந்து நிமிஷம், அந்தப் பாதையைப் பற்றி மீதி. ரோல்ஸை அடுக்கி ஒரு பாதை, பற்றிஸை அடுக்கி இன்னொரு பாதை, சீனிக் கிண்ணம்தான் ஆறு. சனம் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. பசி என்று எனக்கு உறைக்கவில்லை, ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"சேர், அந்த மனிசன் வழி தவறினவர்தானே?"

"அம்மா, அப்படி ஒரே வார்த்தையில சொல்லிட முடியாது. கட்டளையில என்ன..."

"ஓம், நான் பிந்தித்தான் வந்தனான் எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்குமே? பாவம், நாப்பது வரியம்!" என்று சொல்லிக்கொண்டே பாதையிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்துப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தார். ஒரு நிமிஷத்தில் இரண்டு பாதையும் காலி.

எனக்குச் சுருக்கென்று கோபம். வரலாறு தெரியாதவர்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

அருளப்பனுக்கு அன்று ராத்திரி ஷிப்ட், ஒரு ரொட்டித் தொழிற்சாலையில். காலையில் அங்கிருந்தே நேராக விசாரணைக்குப் போவதாக ஏற்பாடு. உறையையும் மொழிபெயர்ப்பையும் எடுத்துப் பைக்குள் வைக்கப்போனான். நான் தடுத்தேன்.

"இன்னும் ஒரு தடவை சுத்தமா எழுதிடறேன் தம்பி. ரெண்டு இடத்துல அடித்தல் இருக்கு. நாளைக்கு நானே கொண்டாந்திடறேன்."

அவன் தயங்கினான். "பத்து மணிக்கு முதல் வந்திடுவியளோ சேர்?"

"ஒன்பதரைக்கே நிப்பேன்."

சாரிங் கிராஸ் பாதையில் வரும் எம்பாங்மென்ட் ஸ்டேஷனிலிருந்து எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

*

திங்கட்கிழமை. ஏழே முக்காலுக்குத்தான் விழித்தேன். அவசரமில்லை. எட்டு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு, உறையைக் கையில் எடுத்து, வாசல் கதவில் கை வைத்தபிறகுதான் உறைத்தது. திங்கள், ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம்!

நான் வகுப்பில் ராகு கேதுவைக் கிண்டல் செய்கிறவன். அதற்காகவே பையன்கள் கை தட்டுவார்கள். ஆனால் என் பெட்டியில் தினசரிக் காலண்டரின் இரண்டு வாரத் தாள்கள் மடித்து இருந்தன. மனைவி வைத்தாள் என்று சொல்லலாம்தான், நான் கேட்டு வாங்கி வைத்தது. என் சொந்தக் காரியமென்றால் தைரியமாகக் கிளம்பியிருப்பேன். இது அடுத்தவன் குடும்பக் காரியம். ஒரு பெண்ணும் பிள்ளையும் அங்கே காத்துக்கொண்டிருக்க, ராகு காலத்தில் இந்தக் கடிதத்தை வாசல் தாண்டி எடுத்துப்போய், ஏதாவது ஆகிவிட்டால்? கோட்டோடும் மப்ளரோடும் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

எட்டரைக்கு டெலிபோன் அடித்தது. அருளப்பன்.

"சேர், வெளிக்கிட்டாச்சோ?"

"வாசல்லதான் நிக்கேன் தம்பி."

பொய்யில்லை பாருங்கள், வாசலுக்கும் மாடிப்படிக்கும் நாலடி. தளபதிக்கும் அன்று இப்படித்தான் ஆள் மேல் ஆள் வந்து, எங்கே இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்பது அடித்து ஒரு நிமிஷம் ஆனதும் வலது காலை எடுத்து வைத்துப் புறப்பட்டேன்.

ரயில் உடனே வந்தது. பார்த்தீர்களா நல்ல நேரத்தின் மகிமையை என்று ஏறி உட்கார்ந்தேன். பலகையைப் பார்க்கவில்லை. இடம் வேறு கிடைத்தது. எண்பத்து நாலு பக்க அத்தியாயம் கையில் இருந்தது. திருத்தலாம் என்று பென்சிலை எடுத்தேன். கெனிங்டன் எப்போது வந்தது, எப்போது போயிற்று, எனக்குத் தெரியாது. தளபதியின் முன்னணிப் படை ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது ஏஞ்சல் என்று ஒரு ஸ்டேஷன். தேவதை என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று ரசித்துவிட்டு, பக்கத்தில் தொழிலாளி உடுப்பில் இருந்தவரிடம் எம்பாங்மென்ட் எப்போது வரும் என்று கேட்டேன்.

"இந்த வழியில் வரவே வராது ஐயா. கேம்டனில் இறங்கித் தெற்கே திரும்புங்கள். இரண்டு பாதையும் அங்கேதான் சேரும்."

இரண்டு பாதை! மணி ஒன்பது ஐம்பது.

கேம்டனில் ஓட்டமாக ஓடினேன். அங்கே வடக்கேயும் பாதை இரண்டாகப் பிரிகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். படியேறி, படியிறங்கி, கண்ணில் பட்ட ரயிலில் ஏறினேன். இரண்டாவது ஸ்டேஷனில்தான் நான் இன்னும் வடக்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய் அடுத்த ரயிலில் ஏறினால் முடிந்தது. நானோ லிஃப்டில் மேலே போய், வரிசையில் நின்று, திரும்பிப் போக இன்னொரு டிக்கெட் கேட்டேன்! நம் ஊரில் டிக்கெட் இல்லாமல் எதிர்ப்பக்கம் ஏறினால் பரிசோதகர் சட்டையைப் பிடிப்பாரில்லையா? கூண்டுக்குள் இருந்தவர் என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்து, "உங்களை யார் மேலே வரச் சொன்னது?" என்றார்.

தளபதியும் அன்று படையை நின்ற இடத்திலேயே திருப்பியிருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம். முன்வரிசை முன்னாலேயே இருக்க வேண்டும் என்று முழுப்படையையும் வளைத்துக் கொண்டுவந்தார். அதை நியாயப்படுத்தி நான் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். லிஃப்டில் கீழே இறங்கும்போது அந்தப் பதினோரு பக்கமும் என் கையிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. யோவ், திரும்பியிருக்கலாமேய்யா!

விசாரணை அறைக்குள் நான் நுழைந்தபோது பத்து ஐம்பது. சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் ஜலதோஷம் பிடித்த ஒரு வயசாளி, அவர்தான் தீர்ப்புச் சொல்பவர். ஒரு பக்கம் அரசாங்கத்தின் ஆள், மறுபக்கம் வக்கீல் பெண். அருளப்பன் நாற்காலியின் நுனியில் ரொட்டி மாவு படிந்த ஷூவோடு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இருக்கவில்லை. "சேருக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்று தமிழில் கேட்டான். எனக்கு விபத்தாகிவிட்டது என்று பயந்து உட்கார்ந்திருக்கிறான்!

வக்கீல் பெண் உறையை வாங்கி மேஜையில் வைத்தாள். அரசாங்க ஆள் எழுந்து, படித்துச் சரிபார்க்கத் தனக்கு அவகாசமில்லை, இதை ஏற்கக்கூடாது என்றார். வயசாளி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் யார் என்று கேட்டார். சொன்னேன். ஏன் தாமதம் என்று கேட்டார்.

வாய் நிறைய காரணம் இருந்தது. கெனிங்டன், கேம்டன், பலகை, பாதை. நாற்பது வருஷம் பேசுகிற அளவுக்குச் சரக்கு. ஆங்கிலமும் என்னிடம் குறைச்சலில்லை. வாயைத் திறந்தேன். அருளப்பனின் ஷூதான் கண்ணில் பட்டது.

"ஐயா, தப்பு என்னுடையது. நேரத்தோடு கிளம்பவில்லை. வழியும் தவறிவிட்டேன். இவருக்கு இதில் பங்கில்லை," என்றேன்.

அவர் இன்னும் ஏதோ வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. குனிந்து எழுதினார். கடிதத்தை ஏற்றுக்கொள்வதாகவும், எதிர்த்தரப்புக்கு அவகாசம் கொடுக்க வேண்டியிருப்பதால் விசாரணையை மார்ச் மாதத்துக்குத் தள்ளுவதாகவும் சொன்னார்.

வெளியே வந்ததும் வக்கீல் பெண் மறைக்காமல் சொன்னாள். "பத்து மணிக்கு இருந்திருந்தால் இன்றே முடிந்திருக்கும்."

நாலு மாசம். என் ஒன்றரை மணி நேரத்து ராகு காலத்துக்கு அந்தக் குடும்பம் கட்டிய விலை.

*

வீட்டுக்கு வந்தோம். அருளப்பன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பொன்னுத்துரை அண்ணை விஷயத்தைக் கேட்டார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததையும் ஒப்புக்கொண்டேன். அவர் என் காலண்டர் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"உது எந்த ஊர்க் காலண்டர்?"

"நம்ம ஊர்து."

"ராகு காலம் பொழுது விடியிறதைக் கொண்டு கணிக்கிறது. இஞ்சை இந்த மாதம் ஏழரைக்குத்தான் விடியும், நாலு மணிக்குப் பொழுது போயிடும்." விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "இண்டைக்கு இஞ்சத்தை ராகு காலம் எட்டரை தாண்டித் தொடங்கி, ஒன்பது நாப்பது வரையும். நீர் சரியா அதுக்குள்ளதான் வெளிக்கிட்டிருக்கிறீர்!"

விடிந்ததும் கிளம்பியிருந்தால் நல்ல நேரம். காத்திருந்து, காத்திருந்து, ராகுவின் வாயில் நானே தலையைக் கொடுத்திருக்கிறேன். பொன்னுத்துரை அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அருளப்பனும் சிரித்தான். பிறகு நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்றரை மணிக்கு மண்டபத்துக்குப் போன் போட வேண்டும். அங்கே அப்போது ஏழு மணி. முகாமுக்கு வெளியே உள்ள டெலிபோன் கடையில் ஜெசிந்தா காத்திருப்பாள் என்று ஏற்பாடு. அருளப்பன் எண்களைச் சுழற்றினான். மணி அடித்ததும் என்னிடம் நீட்டினான். நான் ரிசீவரை வாங்கிக்கொண்டேன்.

"ஜெசிந்தா, நான்தான்மா. கேஸை மார்ச் மாசத்துக்கு மாத்திட்டாங்க. வேற யார் மேலயும் தப்பில்ல. நான் லேட்டாப் போயிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா."

கம்பிக்குள் கடல் இரைகிற சத்தம். நான் சொன்னது போய்ச்சேர்ந்ததா என்றே தெரியவில்லை. அப்புறம் அவள் குரல் வந்தது.

"சேர், அவர் சாப்பிட்டவரோ?"

ராத்திரி ஷிப்டிலிருந்து அவன் ஒன்றுமே சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. ரிசீவரை அவனிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய், பொன்னுத்துரை அண்ணையிடம் ஒரு தட்டு இடியப்பம் கேட்டேன்.

அன்று சாயங்காலம் எண்பத்து நாலு பக்கத்தையும் எடுத்து முதலிலிருந்து படித்தேன். ஆதாரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெரிய சிவப்புக் கோடாகப் போட்டு அடித்தேன். ஊர் போய்ச் சேரும் வரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மிச்ச நாளெல்லாம் நூலகத்துக்கும் போகவில்லை. டூட்டிங் கடையில் பொன்னுத்துரை அண்ணைக்கு வெங்காய மூட்டை தூக்கிக் கொடுத்தேன். அந்த வேலைக்கு நான் ஒரு நாளும் பிந்தவில்லை என்று அவரே சர்டிபிகேட் கொடுத்தார்.

*

மார்ச் மாதம் அருளப்பன் பக்கம் தீர்ப்பாயிற்று. அப்புறமும் தாள், முத்திரை, கையெழுத்து என்று இழுத்து, அடுத்த வருஷம்தான் ஜெசிந்தாவும் டெய்சியும் மெட்ராஸ் விமான நிலையத்துக்கு வந்தார்கள். வழியனுப்ப நானும் போனேன். விமானம் பகல் பன்னிரண்டுக்கு. நான் விடியற்காலை ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். கிழமைகூடப் பார்க்கவில்லை. துப்புரவு செய்கிறவர் என்னைச் சுற்றியே இரண்டு தடவை தரையைத் துடைத்தார்.

"இவ்வளவு வெள்ளனவோ வந்தனீங்கள் சேர்?" என்று ஜெசிந்தா சிரித்தாள். அவள் பெட்டிகளைப் பார்க்கப் போனபோது டெய்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிள்ளைக்கு இப்போது பத்து வயது நெருங்குகிறது. புதுச் சட்டை, புதுச் செருப்பு.

"சேர், அந்தத் தளபதி அண்டைக்கு ஏன் பிந்தினவர்? நீங்கள் சொல்லேக்க நான் நித்திரையாப் போனன்."

"வழி தப்பிட்டார் பாப்பா."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."



"அப்ப அண்டைக்கு என்னத்துக்கு அவ்வளவு நேரம் சொன்னனீங்கள்?"